மாரத்தான் பயிற்சிக்கு நடுவே ஒரு நீண்ட பந்தயம்: குமரி மாவட்ட ஓட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜனவரியில் சென்னையிலோ மும்பையிலோ முழு மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்துவிட்டு, அதற்கு முன்னால் ஒரு அரை மாரத்தானும் ஓடிப் பார்க்கலாமா என்று யோசிக்கும் நம் மாவட்டத்து ஆட்களுக்காக எழுதியது. முழு மாரத்தான் 42.195 கி.மீ., அரை மாரத்தான் 21.1 கி.மீ. இந்த இரண்டுக்கும் இடையில் எழும் சந்தேகங்கள்தான் கீழே.

மாரத்தானுக்குத் தயாராகும்போது நடுவில் வேறொரு பந்தயம் ஓடலாமா? உடம்பு கெட்டுப்போகாதா?

ஓடலாம். முதல் மாரத்தானாக இருந்தால் கண்டிப்பாக ஓடுங்கள் என்பேன். தனியாகப் பயிற்சி எடுப்பவருக்குத் தெரியாத பல விஷயங்கள் பந்தயத்தில்தான் பிடிபடும். கூட்டத்தோடு கிளம்பும்போது முதல் இரண்டு கிலோமீட்டர் எவ்வளவு வேகமாகப் போய்விடுகிறது, பிப் நம்பர் குத்தின பனியன் வியர்வையில் நனைந்த பிறகு எங்கே உரசுகிறது, அந்தப் பதற்றத்தில் காலையில் வயிறு ஒழுங்காகக் கழிகிறதா, பேப்பர் கப்பில் இருக்கும் தண்ணீரை மூக்கில் ஏறாமல் குடிக்க வருகிறதா என்றெல்லாம் முதன்முதலாக 42 கி.மீ. நாளில் கற்றுக்கொள்ள வேண்டாம்.

உடம்பு எப்போது கெடும் என்றால், நடுவில் வரும் பந்தயத்தையே பெரிய பந்தயமாக நினைத்து இருக்கிற பலத்தையெல்லாம் அங்கே கொட்டிவிட்டு, மறுவாரமே 32 கி.மீ. லாங் ரன்னுக்கு, அதாவது நீண்ட பயிற்சி ஓட்டத்துக்கு, இறங்கினால் கெடும். அதனால் கோட்டில் போய் நிற்பதற்கு முன்பே, எதற்காக இந்தப் பந்தயம் ஓடுகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒன்றைச் சுற்றித்தான் வரும்.

எத்தனை கிலோமீட்டர் பந்தயம் பொருத்தமாக இருக்கும்?

அரை மாரத்தான்தான் சரியான அளவு. உடம்பைச் சோதிக்கப் போதுமான தூரம். இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடலாம்.

ஓணம், பொங்கல், கிறிஸ்துமஸ் சமயத்தில் நம்மூர் விளையாட்டுக் கழகங்கள் நடத்தும் ஓட்டங்கள் பெரும்பாலும் 5 முதல் 10 கி.மீ. வரைதான் இருக்கும். அவற்றையும் விடாதீர்கள். வேகத்துக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது, நாலைந்து நாளில் கால் தேறிவிடும். 25, 30 கி.மீ. பந்தயம் ஏதாவது கிடைத்தால், அதில் மாரத்தானுக்கு வைத்திருக்கும் வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு மட்டும் ஓடுங்கள். பயிற்சிக்காக இன்னொரு முழு மாரத்தான் ஓடுவது பற்றிக் கேட்டால், வேண்டாம் என்பதுதான் என் பதில்.

எத்தனை வாரத்துக்கு முன்னால் ஓட வேண்டும்?

மாரத்தானுக்கு நாலு முதல் ஆறு வாரம் முன்னால். மூன்று வாரம் என்பதே கடைசி எல்லை. அதற்குப் பிறகு டேப்பர், அதாவது தூரத்தைக் குறைத்துக் காலுக்கு ஓய்வு கொடுக்கும் காலம் தொடங்கிவிடும்.

ஜனவரி முதல் வாரங்களில் சென்னை என்றால் நவம்பர் கடைசி அல்லது டிசம்பர் தொடக்கம். மும்பை வழக்கமாக ஜனவரி மூன்றாம் ஞாயிறு வரும்; அதற்கு டிசம்பர் முதல் பாதி. அந்தச் சமயத்தில் நம் மாவட்டத்தில் வேறு என்னென்ன நடக்கும் என்பதையும் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3-இல் முடியும். சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழா. நவம்பர் நடுவில் இருந்து ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் கன்னியாகுமரிக்கு இரவு பகலாக வந்துகொண்டிருக்கும். வீட்டில் கிறிஸ்துமஸ் வேலையும் கேரல் சுற்றும் இருந்தால் தூக்கம் குறையும். தூக்கம் குறைந்த வாரத்தில் பந்தயம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

முழு வேகத்தில் ஓடுவதா, பயிற்சி ஓட்டம் போல ஓடுவதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. மூன்று விதமாக ஓடலாம். மூன்றுமே சரியான வழிகள்தான், ஆனால் ஒரே பந்தயத்தில் மூன்றையும் கலக்கக் கூடாது.

முதல் வழி, உண்மையான பந்தயமாகவே ஓடுவது. அதற்கு முந்தின வாரம் பயிற்சியைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், பிந்தின வாரம் நிறையவே குறைக்க வேண்டும். பலன் என்னவென்றால் உங்கள் இன்றைய நிலை ஒளிவுமறைவில்லாமல் தெரிந்துவிடும். மாரத்தானில் என்ன வேகம் வைப்பது என்று ஊகிக்க வேண்டியிருக்காது.

இரண்டாவது வழி, மாரத்தான் பேஸில், அதாவது முழு மாரத்தானுக்கு வைத்திருக்கும் வேகத்தில் ஓடுவது. உதாரணத்துக்கு, நாலரை மணி நேரத்தில் முழு மாரத்தான் முடிக்க நினைப்பவர் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 வினாடி ஓட வேண்டும். அதே ஆள் அரை மாரத்தானை முழு மூச்சாக ஓடினால் 6:08 அளவில் ஓட முடியும். வித்தியாசம் 16 வினாடிதான். கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் அந்த 16 வினாடியைப் பிடித்துவைப்பதுதான் மாரத்தான் ஓட்டத்தின் முக்கால்வாசித் திறமை. பக்கத்தில் ஓடுகிறவர் தாண்டிப் போவார், ரோட்டோரம் நிற்பவர் கைதட்டுவார், கால் தானாகவே 6:05-க்குப் போகும். அப்போது கடிகாரத்தைப் பார்த்து 6:24-க்கே திரும்பி வரும் பழக்கம் தனிமையில் வாய்க்காது.

மூன்றாவது வழி, லாங் ரன்னை அந்தப் பந்தயத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வது. முதல் 10 கி.மீ. பேசிக்கொண்டே ஓடும் வேகம், அடுத்த 8 மாரத்தான் பேஸ், மீதி மூன்றை இஷ்டம் போல.

முதல்முறை மாரத்தான் ஓடுபவருக்கு நான் சொல்வது இரண்டாவது வழி. ஏற்கனவே ஒன்றிரண்டு ஓடியவர், இந்த முறை நேரத்தைக் குறைக்க நினைக்கிறவர், முதல் வழிக்குப் போகலாம். எதுவானாலும் முந்தின நாளே கூட ஓடும் ஆட்களிடம் சொல்லிவையுங்கள். சொன்ன பிறகு மீறுவது கொஞ்சம் கஷ்டம்.

அரை மாரத்தான் நேரத்தை வைத்து முழு மாரத்தான் நேரத்தைக் கணக்கிட முடியுமா?

முடியும். பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-இல் ஒரு சூத்திரம் எழுதினார். தூரம் இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பை விடக் கொஞ்சம் அதிகமாகும், ஏறத்தாழ 2.085 மடங்கு என்பது அதன் சாரம். அதன்படி அரை மாரத்தான் 1:45 என்றால் முழுசு 3:39; இரண்டு மணி என்றால் 4:10; 2:15 என்றால் 4:41; இரண்டரை மணி என்றால் 5:13.

இந்தக் கணக்கு முழுத் தூரத்துக்கும் போதுமான பயிற்சி எடுத்தவருக்கு மட்டும் பொருந்தும். வாரத்துக்கு 35, 40 கி.மீ. மட்டும் ஓடி, லாங் ரன் 25-ஐத் தாண்டாதவர் இதன் மேல் கால் மணி நேரமாவது கூட்டிக்கொள்வது நல்லது.

காரணம் எரிபொருள். உடம்பு தசையிலும் கல்லீரலிலும் சேர்த்துவைக்கும் மாவுச்சத்து மொத்தமே 400, 500 கிராம். அதாவது 1,600 முதல் 2,000 கலோரி. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 60 கிலோ ஆளுக்கு அரை மாரத்தானில் 1,270 கலோரி போதும், கையிருப்பே தாங்கும். முழு மாரத்தானுக்கு 2,500-க்கு மேல் வேண்டும். கொழுப்பும் எரியும் என்றாலும், வேகம் கூடக்கூட மாவுச்சத்துதான் அதிகமாகக் கரையும். முப்பதாவது கிலோமீட்டர் பக்கம் கால் திடீரென்று கல்லாகிப் போவது இதனால்தான். அரை மாரத்தானில் இந்த இடம் வரவே வராது. அதனால் அரை மாரத்தான் நன்றாகப் போய்விட்டது என்பதால் முழுசும் அப்படியே போகும் என்று எண்ண வேண்டாம்.

நம்மூர் புழுக்கத்தில் என் நேரம் மோசமாக வருகிறது. என் உடம்பு தேறவில்லையா?

உடம்பு தேறியிருக்கும், காற்றுதான் விடமாட்டேன் என்கிறது. கடலோரத்தில் விடியற்காலை ஈரப்பதம் பல நாட்களில் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும். வியர்வை உடம்பைக் குளிர்விப்பது அது ஆவியாகும்போதுதான். நம் காற்றில் அது ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். தோலுக்கு ரத்தத்தை அதிகம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயத் துடிப்பு ஏறும், அதே வேகத்துக்கு அதிகம் உழைக்க வேண்டிவரும்.

அதனால் குளச்சலிலோ மணக்குடியிலோ ஓடும்போது கடிகாரத்தின் பேஸை விட மூச்சைக் கவனியுங்கள். ஈஸி ரன் என்றால் பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். வார்த்தை உடைந்தால் பைய ஓடுங்கள், கிலோமீட்டருக்கு அரை நிமிடம் கூடினாலும் பரவாயில்லை. இந்தப் புழுக்கத்தில் பழகிய உடம்பு கொஞ்சம் குளிரான ஊரில் போய் ஓடும்போது அந்த உழைப்புக்குப் பலன் தெரியும்.

எந்த ரோட்டில் பயிற்சி எடுப்பது?

நம் மாவட்டம் சின்னதுதான், ஆனால் ஓட்டக்காரருக்கு இவ்வளவு வகையான ரோடு ஒரே இடத்தில் அமைவது அபூர்வம்.

சமதளம் வேண்டும் என்றால் கிழக்கே நாஞ்சில் நாட்டுப் பக்கம். நாகர்கோவிலில் இருந்து சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 20 கி.மீ., பெரிய ஏற்றம் கிடையாது. சென்னை போன்ற தட்டையான ஊரில் மாரத்தான் என்றால் லாங் ரன்களில் பாதியாவது இந்த மாதிரி ரோட்டில் இருக்கட்டும். ஒரே சீராக, ஒரே தசையை வைத்து மூன்று நாலு மணி நேரம் ஓடுவதும் ஒரு தனிக் கஷ்டம். ஏற்ற இறக்கத்தில் மட்டும் பழகியவர்கள் அதில் தடுமாறுவார்கள். டிசம்பரில் மட்டும் மெயின் ரோட்டைத் தவிர்த்து தேரூர் பக்கம் குளத்தங்கரை, வயல் ரோடுகளுக்கு மாறிக்கொள்ளுங்கள். முன்னால் சொன்ன ஐயப்ப சீசன் வண்டிகளில் பலவற்றின் டிரைவர்கள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓட்டி வந்தவர்கள்.

ஏற்றம் வேண்டும் என்றால் மேற்கே. தக்கலை தாண்டிவிட்டாலே ரோடு மேலும் கீழுமாகப் போகத் தொடங்கும். குலசேகரம், அருமனை, மாத்தூர் தொட்டிப்பாலம் பக்கமெல்லாம் ரப்பர் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் ரோடு. நிழல் நன்றாக இருக்கும். விடியும் முன்பே தலையில் லைட் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போகிறவர்கள் மரத்துக்கு மரம் நகர்வதைப் பார்க்கலாம். அதே மாதிரி லைட் நீங்களும் ஒன்று வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த ரோடுகள் குறுகல், வளைவில் பஸ் வருவது கடைசி நொடியில்தான் தெரியும். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக ஓட வேண்டும்.

தோவாளை, ஆரல்வாய்மொழி ரோட்டுக்கு ஒரு எச்சரிக்கை. ஆனி, ஆடி மாதக் காற்று கணவாய் வழியாகக் கிழக்கே தள்ளும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. போகும்போது சிறகு முளைத்தது போல இருக்கும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். அந்த மாதங்களில் போகும்போது மிச்சம் வைத்து ஓடுங்கள். காற்றுக்கு எதிரே மாரத்தான் உழைப்போடு 5 கி.மீ. ஓடுவது அருமையான பயிற்சியும்கூட.

கடலோரம் என்றால் சொத்தவிளை, சங்குத்துறை, ராஜாக்கமங்கலம் வழியாக முட்டம் வரைக்கும் போகும் மேற்குக் கடற்கரை ரோடு. அழகில் இதற்கு ஈடு கிடையாது, ஆனால் எட்டு மணிக்கு மேல் நிழல் கிடையாது.

வடகிழக்குப் பருவமழைதான் சரியாகப் பயிற்சியின் உச்சத்தில் வருகிறது. என்ன செய்வது?

ஐப்பசி, கார்த்திகையில் மழை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. சாதாரண மழையில் ஓடலாம். தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், உரசும் இடங்களில் வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தண்ணீர் தேங்கிய ரோட்டில் மட்டும் இறங்க வேண்டாம், ஓடையின் ஸ்லாப் எங்கே திறந்து கிடக்கிறது என்று தெரியாது. இடி மின்னல் என்றால் வீட்டில் இருங்கள். 2017 நவம்பர் 30-இல் ஓகி புயல் வந்தபோது எவ்வளவு சீக்கிரத்தில் மரங்கள் சரிந்தன என்பதைப் பார்த்தவர்கள் நாம்; புயல் எச்சரிக்கை வந்த நாளில் லாங் ரன் தவறினால் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ ஓடிக்கொள்ளலாம். ஒரு வாரம் முழுக்கவே போய்விட்டாலும் அதை மறுவாரத்தில் சேர்த்து ஓட முயற்சிக்காதீர்கள்.

முந்தின இரவும் பந்தயக் காலையும் என்ன சாப்பிடலாம்?

பந்தயக் காலையில் பரிசோதனை கூடாது. மாரத்தானுக்கு என்ன சாப்பிடுவீர்களோ அதையே அரை மாரத்தானுக்கும் சாப்பிட்டுப் பாருங்கள்.

மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கு மாவுச்சத்துக்கு நல்ல வழிதான். ஆனால் அதோடு வரும் மீன்கறியின் மிளகாயும் தேங்காயும் காலையில் தொல்லை கொடுக்கும். கிழங்கும் மீனும் இரண்டு நாள் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். முந்தின இரவு சோறும் ரசமும், அல்லது இட்லி, ஏழரை மணிக்குள். புட்டு சாப்பிடலாம், கூட இருக்கும் பயறு வேண்டாம், வாயு.

காலையில், கிளம்ப இரண்டு மணி நேரம் முன்னால், அவித்த ஏத்தன் (நேந்திரன்) பழம் ஒன்று, கருப்பட்டிக் காப்பி. எனக்குத் தெரிந்து நம்மூர் வயிற்றுக்கு இதைவிட ஒத்துப்போகிற பந்தயக் காலை உணவு இல்லை. ஏத்தன் கனமாக இருக்கிறது என்பவர்கள் மட்டிப் பழம் இரண்டு மூன்று சாப்பிடலாம்.

ஓடும்போது ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். கடையில் கிடைக்கும் ஜெல் ஒன்றில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும். அதன் விலை கட்டுப்படியாகாதவர்கள் கருப்பட்டியைச் சின்னத் துண்டுகளாக உடைத்து பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்துக்கொள்ளலாம். அதில் பெரும்பகுதி சர்க்கரைதான், தண்ணீரோடு சேர்த்து வாயில் கரையவிட்டால் போதும். அரை மாரத்தானில் இது தேவையே இல்லை என்று தோன்றும். ஆனாலும் அங்கே சாப்பிட்டுப் பழகினால்தான் முழு மாரத்தானில் வயிறு ஏற்றுக்கொள்ளும்.

தண்ணீர் எவ்வளவு குடிப்பது?

உங்கள் வியர்வையை நீங்களே அளந்துகொள்ளலாம். லாங் ரன் கிளம்பும் முன் உடைகளைக் களைந்து எடை பாருங்கள். 62 கிலோ என்று வைப்போம். இரண்டு மணி நேரம் ஓடி, நடுவில் அரை லிட்டர் குடித்து, வந்து துடைத்துக்கொண்டு மறுபடி எடை பார்த்தால் 60.7. எடையில் இறங்கியது 1.3 கிலோ, அதாவது 1.3 லிட்டர், குடித்தது அரை லிட்டர், ஆக மொத்த வியர்வை 1.8 லிட்டர், மணிக்கு 900 மில்லி. அத்தனையையும் ஓடும்போதே ஈடுகட்ட முடியாது, தேவையும் இல்லை. தாகத்தை ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஓடி முடித்தபின் எடை ஏறியிருந்தால் அதுதான் ஆபத்தின் அறிகுறி. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம், வலிப்பு வரை போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் சோதித்துப் பார்த்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடுபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் குடிக்க நேரமும் அதிகம்.

உப்புக்கு மெடிக்கலில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியே போதும். பாக்கெட்டில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. ஓடி முடித்தபின் குடியுங்கள், கூடவே உப்புப் போட்ட கஞ்சியும்.

21 கி.மீ. முடிந்ததும் மேலே ஓடி 30 ஆக்கிக்கொள்ளலாமா?

பந்தயத்தைப் பயிற்சியாக ஓடினால் தாராளமாக. கூடுதல் தூரத்தில் பெரும்பகுதியை முன்னாலேயே, அதாவது கிளம்பும் முன் 5, 6 கி.மீ. மெதுவாக ஓடிவிடுவது நல்லது. முடித்த பிறகு மெடலும் டிபன் பாக்கெட்டும் கையில் வந்துவிட்டால் மறுபடி ஓட யாருக்கும் மனசு வராது. முழு வேகத்தில் ஓடியிருந்தால் ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம், நடந்து கால் ஆறட்டும்.

என் கடிகாரம் 21.4 கி.மீ. காட்டியது. அமைப்பாளர்கள் அளந்தது தவறா?

பெரும்பாலும் இல்லை. முறையாக அளக்கும் பாதையில் வளைவுகளின் மிகக் குறுகிய கோட்டைத்தான் அளப்பார்கள். நாம் ஆட்களைச் சுற்றி, தண்ணீர் மேஜைக்கு ஒதுங்கி, வளைவின் வெளிப்பக்கமாக ஓடுகிறோம். மாரத்தானில் இது 500 மீட்டருக்கு மேல்கூடப் போகும். இலக்கு நேரம் குறிக்கும்போது அதற்கும் இடம் விடுங்கள்.

முதல் பாதியில் நேரத்தைச் சேமித்து வைத்தால் நல்லதுதானே?

சேமித்த நேரத்தை இரண்டாம் பாதி வட்டியோடு பிடுங்கிக்கொள்ளும். கென்யாவின் கெல்வின் கிப்டம் 2023-இல் சிகாகோவில் 2:00:35 ஓடி உலக சாதனை படைத்தபோது முதல் பாதி 60:48, இரண்டாம் பாதி 59:47. அந்தத் திறமை நமக்கு இல்லாவிட்டாலும் அந்த ஒழுங்கு நமக்கும் வரும். அரை மாரத்தானிலேயே பழகுங்கள்: முதல் 5 கி.மீ. இலக்கை விட ஐந்து பத்து வினாடி மெதுவாக.

சிவாலய ஓட்டம் போவது வழக்கம். அதை மாரத்தான் பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாமா?

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மகா சிவராத்திரியை ஒட்டி, முஞ்சிறை திருமலை மகாதேவர் கோயிலில் கிளம்பி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று பன்னிரண்டு சிவன் கோயில்களைத் தொட்டு, திருநட்டாலத்தில் முடிக்கும் ஓட்டம் இது. கல்குளம், விளவங்கோடு வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. கையில் பனை ஓலை விசிறி, வாயில் "கோவிந்தா, கோபாலா". மொத்தத் தூரம் நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். மாரத்தான் என்ற சொல் நம் பக்கம் வருவதற்கு முன்பே இங்கே ஒரு ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய பெருமை உண்டு.

சரி, கேள்விக்கு வருவோம். அது நேர்ச்சை, அதைப் பயிற்சி அட்டவணைக்குள் அடைக்க வேண்டாம். நல்லவேளையாக சிவராத்திரி மாசியில், பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும். ஜனவரி மாரத்தான் முடிந்து குறைந்தது நாலு வாரம் இருந்தால் போகலாம். அதில் நடை, ஓட்டம், நிற்பது எல்லாம் கலந்திருக்கும். காலுக்கு நீண்ட நேரம் நிற்கும் பலம் கிடைக்கும், வேகம் கிடைக்காது. வெறுங்காலில் தார் ரோட்டில் ஓடிப் பழகாதவருக்குப் பாதத்தில் கொப்புளமும் குதிகால் வலியும் நிச்சயம். முன்கூட்டியே வாரத்தில் ஓரிரு நாள் வெறுங்காலில் நடந்து பழகுங்கள். வழியில் கொடுக்கும் மோரையும் பானகத்தையும் விடாமல் வாங்கிக் குடியுங்கள், விரதம் இருப்பவர்களுக்கு அதுதான் எரிபொருள். மாரத்தான் மார்ச்சில் என்றால், இரண்டில் ஒன்றை அந்த வருடம் விட்டுவிடத்தான் வேண்டும்.

பெண்கள் விடியற்காலை நாலரைக்குத் தனியாக ஓட முடியுமா?

தயக்கம் நியாயமானது, அதைத் தைரியக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஓடுவதுதான் முதல் வழி. ஆள் கிடைக்காத நாளில் நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியம் மாதிரி நடைப்பயிற்சி ஆட்கள் இருக்கும் இடத்தில் சுற்றுகள் ஓடலாம். லாங் ரன்னை நேர்கோட்டில் போகாமல் வீட்டைச் சுற்றி 5 கி.மீ. வட்டமாக வைத்துக்கொண்டால் தண்ணீருக்கும் வசதி, வீட்டிலும் கவலை இருக்காது. போனில் இருக்கும் இடத்தை ஒருவருக்கு ஷேர் செய்துவிட்டுக் கிளம்புங்கள். டிசம்பரில் சூரியன் வர ஆறரை ஆகும். ஆறு மணிக்குக் கிளம்பினாலும் வெயிலுக்கு முன் 12 கி.மீ. ஓடிவிடலாம்.

நாய்கள்?

ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், முதுகைக் காட்டாதீர்கள். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

பந்தயத்துக்குப் புது ஷூ வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் பந்தயத்துக்கு நாலு வாரம் முன்னால். மாரத்தானில் போடப்போகும் அதே ஷூ, அதே சாக்ஸ், அதே டவுசர்தான் அரை மாரத்தானிலும்.

முழங்கால் லேசாக வலிக்கிறது. ஒரு மாத்திரை போட்டுவிட்டு ஓடலாமா?

கூடாது. ஐபுபுரோஃபன், டைக்லோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வியர்த்து வறண்ட உடம்பில் மணிக்கணக்காக ஓடும்போது அது பெரிய ஆபத்து. வலி ஓடஓடக் குறைந்தால் கவனத்தோடு தொடரலாம். ஓடஓடக் கூடினாலோ, நொண்ட வைத்தாலோ, எலும்பில் ஒரு புள்ளியில் தொட்டால் வலித்தாலோ, அதோடு நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு அழுத்தம், தலைசுற்றல், வியர்வை நின்று குளிர்வது போன்றவற்றுக்கு யோசிக்கவே வேண்டாம், உடனே உட்கார்ந்து உதவி கேளுங்கள்.

முடித்தபின் எத்தனை நாள் ஓய்வு?

நியூஸிலாந்தின் ஜாக் ஃபாஸ்டர் 1974 காமன்வெல்த் போட்டியில், நாற்பது வயதைத் தாண்டியபின், 2 மணி 11 நிமிடத்தில் மாரத்தான் ஓடியவர். பந்தயத்தில் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் கடினப் பயிற்சி கூடாது என்பது அவர் பெயரில் வழங்கும் கணக்கு. அரை மாரத்தான் 13 மைல். ஆக முழு வேகத்தில் ஓடியிருந்தால் இரண்டு வாரம் வேக ஓட்டமும் பெரிய லாங் ரன்னும் வேண்டாம். ஓடவே கூடாது என்பதில்லை. முதல் இரண்டு நாள் நடை, அப்புறம் மெதுவான 5, 6 கி.மீ., அடுத்த ஞாயிறு 15 கி.மீ. போதும். மாரத்தான் பேஸில் ஓடியவர் நாலைந்து நாளில் வழக்கத்துக்குத் திரும்பலாம்.

நேரம் மிக மோசமாக வந்தது. மாரத்தானை விட்டுவிடவா?

முதலில் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். வெயிலா, தூக்கமின்மையா, முதல் 5 கி.மீ. வேகமா? இவற்றில் ஒன்று என்றால் இலக்கைக் கொஞ்சம் தளர்த்தி மேலே போங்கள். 15 கி.மீ.க்கு மேல் நடந்துதான் முடிக்க முடிந்தது, வேறு காரணமும் இல்லை என்றால், லாங் ரன் போதவில்லை என்று பொருள். அப்போது முழு மாரத்தானில் நேர இலக்கை விட்டுவிட்டு, ஓட்டம் நாலு நிமிடம் நடை ஒரு நிமிடம் என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே வைத்து ஓடுங்கள். அப்படி முடிப்பதிலும் ஒரு குறையும் இல்லை.

நாகர்கோவிலில் இருந்து சென்னைக்கு ராத்திரி ரயில் பிடித்து, இறங்கின மறுநாளே ஓடலாமா?

பந்தயம் ஞாயிறு என்றால் வெள்ளி இரவு ரயில். சனி காலை இறங்கி, பிப் வாங்கி, மதியம் தூங்கிவிட வேண்டும். சனி இரவுத் தூக்கம் எப்படியும் சரியாக வராது, மூன்று மணிக்கு எழ வேண்டியிருக்கும். அதனால் வியாழன், வெள்ளி இரவுகளின் தூக்கம்தான் கணக்கு. ரயிலில் லோயர் பெர்த் கிடைத்தால் கால் நீட்ட வசதி. ஏத்தன் பழத்தை வீட்டிலிருந்தே அவித்துக் கொண்டுபோங்கள், சென்னையில் தேடி அலைய வேண்டாம்.

பணம் கட்டிவிட்டேன், பந்தயத்துக்கு முந்தின நாள் காய்ச்சல். என்ன செய்ய?

ஓடாதீர்கள். வெறும் மூக்கொழுகல் என்றால் மெதுவாக ஓடிப் பார்க்கலாம். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி இருந்தால் கூடவே கூடாது. வைரஸ் காய்ச்சலோடு உடம்பை வருத்தினால் இதயத் தசையில் அழற்சி வரக்கூடும். மழைக்காலத்தில் டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஐபுபுரோஃபன் மாதிரி வலி மாத்திரைகளும் வேண்டாம். கட்டின பணம் போகட்டும், இது நடுவில் வந்த பந்தயம்தான். காய்ச்சல் விட்டு ஒரு வாரம் கழித்து வீட்டுப் பக்கத்திலேயே 5 கி.மீ. பைய ஓடிப் பாருங்கள். அன்று சாயங்காலம் அசதி இல்லை, மறுநாள் காலை இதயத் துடிப்பும் வழக்கம் போல இருக்கிறது என்றால், அட்டவணையில் இரண்டு வாரம் பின்னால் போய் அங்கிருந்து தொடங்குங்கள்.